பெயர் தெரியாது என்று எழுதிய நைவு

எங்கள் ஊர்ப் பாலத்தில் ஒரு வேன் நின்றால் பின்னால் வருகிற நாற்பது வேனும் நிற்கும். தலைநகருக்குள் போக எங்களுக்கு அந்த ஒரு பாலம்தான். காலை ஆறு மணிக்கு ஏறினால் எட்டரைக்குப் பாலத்தைத் தாண்டலாம். அதுவும் எதிரே மாட்டுவண்டி வராமல் இருந்தால். அந்த நெரிசலில்தான் பாக்குலி அக்கா ஜன்னல் ஜன்னலாக அரிசிப் பணியாரம் விற்றாள். அதே நெரிசலில்தான் நைவுவும் நானும் பாதி ஆயுளைக் கழித்தோம். அதனால் தலைநகர் அன்டனானரிவோவைச் சுற்றிப் புறவழிச்சாலை வரப்போகிறது என்றதும் ஊரில் முதலில் கைதட்டியது நாங்கள் இரண்டு பேரும்தான். இப்போது அந்தக் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

நைவுவைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். அவன் எங்கள் ஊர் அலுவலகத்தில் எழுத்தர். ஐம்பத்தொரு வயது, குள்ளம், வெயிலோ குளிரோ தலையில் வைக்கோல் தொப்பி. சட்டைப் பையில் மூன்று பேனா இருக்கும்: நீலம் ஒன்று, சிவப்பு ஒன்று, எழுதாதது ஒன்று. எழுதாததை ஏன் சுமக்கிறாய் என்று கேட்டால், “கடன் கேக்கறவனுக்கு” என்பான். ஊரில் பிறந்தவன், செத்தவன், கட்டியவன், ஓடிப்போனவன் எல்லோரும் அவன் கையெழுத்தில்தான் இருக்கிறார்கள்.

அதைவிடப் பெரிய வேலை ஒன்றும் அவனுக்கு உண்டு. நாங்கள் செத்தவர்களைப் புதைத்துவிட்டு மறந்துபோகிறவர்கள் இல்லை. ஏழெட்டு வருடத்துக்கு ஒருமுறை குடும்பக் கல்லறையின் கல்கதவைத் திறந்து, அவர்களை வெளியே எடுத்து, புதுப் பட்டில் சுற்றி, மடியில் கிடத்தி, ஊர்க்கதை எல்லாம் சொல்லிவிட்டு மறுபடி உள்ளே படுக்கவைப்போம். அதற்கு அரசு அனுமதி வேண்டும். யாரையெல்லாம் வெளியே எடுக்கிறோம் என்று பெயர் பெயராக மனு எழுத வேண்டும். அதை எழுதுவது நைவு. இருபத்தாறு வருடத்தில் ஒரு பெயரும் பிசகியதில்லை. “உசுரோட இருக்கறவன் பேரத் தப்பா எழுதுனா திட்டிட்டுப் போயிடுவான். செத்தவன்கிட்ட நான் எங்க போயி மன்னிப்புக் கேக்கறது?” என்பான்.

இந்த வார்த்தையைச் சொன்னவன் அவன்தான். அதை மறக்காமல் மேலே படிக்க வேண்டும்.

சாலைக்காக ஊரைக் கூட்டிய அன்று தலைநகரிலிருந்து ஃபனீரி என்று ஒரு பெண் பொறியாளர் வந்திருந்தாள். முப்பது வயது இருக்கும். சேறு படிந்த பூட்ஸ், கக்கத்தில் சுருட்டிய வரைபடம். எழுந்தவுடனே, “சாலையோட அகலம் அறுபது மீட்டர்” என்று ஆரம்பித்துவிட்டாள். கூட்டம் முழுக்க முகத்தைச் சுளித்தது. எங்களிடம் எந்தப் பேச்சும் அப்படித் தொடங்காது. முதலில் பழி நீக்க வேண்டும். ‘பேசத் தகுதியில்லாதவன் பேசுகிறேன்’ என்று ஆரம்பிக்க வேண்டும். கூட்டம், ‘தகுதி உண்டு, பேசு’ என்று சொல்ல வேண்டும். ‘பழி என்மேல் விழ வேண்டாம், உங்கள்மேலும் விழ வேண்டாம், காற்று கொண்டுபோகட்டும்’ என்று முடித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வரவேண்டும். கல்யாணம் பேசினாலும் இதுதான், குழாயடித் தகராறு பேசினாலும் இதுதான்.

நைவு எழுந்து, அந்தப் பெண்ணுக்காகத் தானே பழியை நீக்கினான். அவ்வளவு அழகாக, தண்ணீர் ஓடுகிற மாதிரிச் சொன்னான். முறைத்துக்கொண்டிருந்த கிழவர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள். பிறகு எல்லோரும் சாலை வேண்டும் என்றார்கள். ஒருத்தர் பாக்கியில்லாமல் வேண்டும் என்றார்கள். அடுத்த மூச்சில், “ரோடு வரட்டும்மா, நல்லா வரட்டும். ஆனா எங்க வயல்பக்கம் வராதுல்ல?” என்றும் கேட்டார்கள்.

அளக்கிற வேலைக்கு என்னைக் கூலிக்கு எடுத்தார்கள். அளவுகோலை நேராகப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் வேலை. நைவு ஊர் சார்பில் கூட வந்தான். வழியில் வருகிற வீடு, கிணறு, கல்லறை எல்லாவற்றுக்கும் படிவம் நிரப்புவது அவன் பொறுப்பு. பத்து நாள் வயல் வரப்பில் நடந்தோம். பதினோராம் நாள் இரண்டு மேடுகளுக்கு நடுவில் போய் நின்றோம்.

மேற்கு மேட்டில் நைவு வீட்டுக் கல்லறை. வெள்ளைச் சுண்ணாம்பு அடித்து, கதவுக்கு நீலம் பூசி, பளிச்சென்று இருந்தது. நான்கு வருடத்துக்கு முன்புதான் அவன் அம்மாவை அதற்குள் வைத்தோம். கிழக்கு மேட்டில் பாக்குலி அக்கா வீட்டுக் கல்லறை. பூச்சு உதிர்ந்து, முழங்கால் உயரத்துக்குப் புல் மண்டி, மூலையில் ஒரு கொய்யாச் செடிகூட முளைத்திருந்தது.

ஃபனீரி கருவியில் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். “தெற்க ஏரி, வடக்க சதுப்பு. நடுவுல இந்த எடம்தான் இருக்கு. ரெண்டு மேட்டுல ஒண்ண வெட்டித்தான் ஆகணும். உறவுக்காரங்க இருக்கற கல்லறைய முடிஞ்சவரைக்கும் நாங்க தொடமாட்டோம். ஆளில்லாததுன்னா முப்பது நாள் அறிவிப்பு ஒட்டிட்டு மாத்தி வைக்கலாம்” என்றாள். பிறகு கிழக்கே கை காட்டினாள். “அது யாரோடது?”

அது யாருடையது என்று நைவுவுக்குத் தெரியாதா? பாக்குலியின் தம்பி ஃபீடி எங்களோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவன். வேனில் நடத்துனராக இருந்தான். பாலத்து நெரிசலில் பின்கதவில் தொங்கிக்கொண்டு வந்தவன், இடித்துக்கொண்டு போன லாரியால் செத்தான். பதினான்கு வருடம் ஆகிறது. அவனைத் தூக்கிக்கொண்டு போய் அந்தக் கிழக்கு மேட்டில்தான் வைத்தோம். கல்கதவு அசையாமல் முரண்டு பிடித்தபோது தோளைக் கொடுத்து மூடியவன் நைவு. தோளில் தோல் உரிந்து ஒரு வாரம் சட்டை போட முடியாமல் திரிந்தான்.

அப்புறம் பாக்குலி இரண்டு முறை பட்டு மாற்ற மனு கொடுத்தாள். இரண்டு முறையும் உள்ளே இருப்பவர்கள் பெயரை வரிசையாக எழுதியது இவன்தான். முதல் முறை அவள் புருஷனுக்கு நெஞ்சு வலி. வைத்திருந்ததெல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போயிற்று, ஆளும் அந்தக் கல்லறைக்கே போய்விட்டான். இரண்டாம் முறை புயல் வந்து அவள் வீட்டுக் கூரையைக் கொண்டுபோனது. விழா நடக்கவில்லை. புல் மட்டும் வளர்ந்தது.

நைவு புல்லைப் பார்த்தான். நானும் பார்த்தேன். கல்லறை மூலையில் ஒரு உடைந்த சாசரில் தேன் காய்ந்துபோயிருந்தது. எறும்பு இன்னும் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தது. யாரோ போன வாரம் வந்து செத்தவர்களுக்கு ஊற்றிவிட்டுப் போன தேன் அது. யாரோ என்ன யாரோ!

“ரொம்ப வருஷமா யாரும் வர்றதில்ல மேடம்” என்றான் நைவு.

“குடும்பம்?”

“இருக்காங்களான்னு தெரியல.”

“உள்ள இருக்கறவங்க பேரு வேணுமே?”

“தெரியாதுன்னு போட்டுக்கலாம்.”

ஃபனீரிக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். கோலைப் பிடித்துக்கொண்டு நின்ற என்னைப் பார்த்து, “என்னண்ணே, அப்படித்தானா? நீங்களும் இந்த ஊருதான?” என்று கேட்டாள்.

நல்ல பெண். கேட்க வேண்டியதைக் கேட்டாள். அந்த நேரத்தில் நான் வாயைத் திறந்திருந்தால் இந்தக் கதையே கிடையாது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? “எழுத்தருக்குத் தெரியாதது எனக்கு என்னங்க தெரியப்போவுது” என்றேன். சொல்லிவிட்டுச் சிரிக்க வேறு செய்தேன்.

நைவு நீலப் பேனாவை எடுத்து எழுதினான். திரும்பி வரும்போது மூன்று பேரும் ஒரு வீட்டில் நின்று, அடிப்பிடித்த சோற்றில் காய்ச்சிய வெந்நீர் வாங்கிக் குடித்தோம். என் வீட்டில் குடிப்பது போலவேதான் இருந்தது. தொண்டையில் ஒன்றும் அடைக்கவில்லை. அதுதான் இப்போது நினைத்தால் கூசுகிறது.

அறிவிப்பு முப்பது நாள் அலுவலகப் பலகையில் இருந்தது. சட்டப்படி குறை சொல்ல முடியாது. கோழித் தடுப்பூசிக்கும் காணாமல் போன மாட்டுக்கும் நடுவில் ஒட்டியிருந்தான். பாக்குலி அக்கா கருக்கலில் வீட்டை விட்டுக் கிளம்புகிறவள். திரும்பி வரும்போது அலுவலகம் பூட்டியிருக்கும். அது ஊருக்கே தெரியும். முப்பத்துநான்காம் நாள் பணியாரம் வாங்கிய யாரோ சொல்லித்தான் அவளுக்கு விஷயம் தெரிந்தது. தலைச்சுமையோடு அப்படியே அலுவலகத்துக்கு வந்தாள். நான் கூலி வாங்க அங்கே உட்கார்ந்திருந்தேன்.

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். நைவுவும் எதிர்பார்த்தான் போல. நாற்காலியைச் சுவரோடு ஒட்டித் தள்ளிக்கொண்டான்.

“நைவு தம்பி” என்றாள். சின்ன வயதிலிருந்து அவனையும் என்னையும் தம்பி என்றுதான் கூப்பிடுவாள். “நம்ம கல்லறைய ஆளில்லாததுன்னு எழுதிட்டாங்களாமே?”

“ஆமாக்கா.”

“டவுனுக்காரங்களுக்கு என்ன தெரியும், பாவம். புல்லப் பாத்து எழுதியிருப்பாங்க. தப்பு என்னோடதுதான். செதுக்கி வச்சிருந்தா இப்பிடி ஆகுமா? எங்கப்பா முகத்துல நான் எப்பிடி முழிப்பேன்?” தலையைக் குனிந்துகொண்டாள். வெட்கப்பட வேண்டிய இரண்டு ஆம்பிளைகள் எதிரே உட்கார்ந்திருக்க, அவள் வெட்கப்பட்டாள்.

“எதுத்து எழுத முடியுமா தம்பி?”

“நாள் தாண்டிப்போச்சுக்கா.”

“சரி விடு. நாள் இருந்தா நீ எனக்காக எழுதியிருப்பன்னு தெரியும். இப்ப ஒண்ணு மட்டும் செய்யி. கதவத் தொறக்கும்போது எதுக்குத் தொறக்கறோம்னு அவங்ககிட்ட சொல்லணும்ல? எங்க வீட்டுல பேச ஆம்பள இல்ல. ஃபீடி இருந்தா பேசுவான். அவனுக்கு அடுத்தது நீதான?”

நைவு மேஜைமேல் இருந்த முத்திரையை எடுத்து மையில் ஒற்றினான். எந்தத் தாளும் இல்லாமல் வெறுமனே ஒற்றிக்கொண்டே இருந்தான். “சரிக்கா” என்றான்.

மறுநாள் மத்தியானம் வாத்துக்குளக் கரையில் என்னைப் பிடித்தான். “ஃபெனு, நீ பேசேன். நீயும் அவனோட படிச்சவன்தான?”

“எழுதுனது நீ, பேசறது நானா? என்னையும் சேத்து இழுக்காதடா.”

“எங்கம்மாவ எடுத்து வேற எடத்துல வைக்கறத என்னால நெனச்சே பாக்க முடியலடா. அதுக்குத்தான்.”

“அப்ப அவ அப்பாவ எடுக்கறத நெனச்சுப் பாக்க முடிஞ்சுதா?” என்று கேட்டேன். கேட்கிற யோக்கியதை எனக்கு இருந்ததா என்பது வேறு விஷயம். அவன் தொப்பியைக் கழற்றி, மறுபடி போட்டுக்கொண்டு போய்விட்டான்.

ஜூலை மாதம், எங்களுக்கு அது குளிர்காலம்; ஒரு சனிக்கிழமை. கண்ணில் தண்ணீர் வரவைக்கிற குளிர்காற்று. அரசாங்கம் ஊர்க்கோடியில் சிமெண்டில் புதுக் கல்லறை கட்டியிருந்தது. கிழக்கு மேட்டில் ஊர் கூடியிருந்தது. ஃபனீரியும் கோப்போடு ஓரமாக நின்றாள். ஒரு மேளம், ஒரு எக்காளம். பாக்குலியால் முடிந்தது அவ்வளவுதான். அப்பாவுக்கு மட்டும் பட்டு, மற்ற பத்துப் பேருக்கும் பருத்தி. அவளே இரண்டு நாள் முன்பு வந்து புல்லைச் செதுக்கியிருந்தாள். கல்கதவைச் சுற்றியிருந்த மண்ணைக் காலையிலேயே தோண்டிவிட்டார்கள்.

உயிரோடு இருப்பவர்களிடம் நாங்கள் எத்தனையோ பொய் சொல்வோம். கல்கதவின் முன்னால் சொல்வதில்லை. உள்ளே இருப்பவர்களுக்கு எல்லாம் தெரியும் என்பதால் மட்டும் இல்லை. நாளைக்கு நாமும் உள்ளே போய் அவர்களோடு படுக்க வேண்டியவர்கள்.

நைவு தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்தான். கதவைப் பார்த்து நின்றான்.

“பேசத் தகுதியில்லாதவன் பேசுறேன்.”

“தகுதி உண்டு, பேசு!” என்றது கூட்டம், வழக்கம்போல.

அவன் நின்றான். “பழி...” என்றான். இருமினான். மறுபடி, “பழி என்மேல...” என்று ஆரம்பித்து நிறுத்தினான். வருடக்கணக்காக ஆயிரம் முறை சொன்ன வாக்கியம். குளிர் என்று நினைத்து யாரோ ரம் கோப்பையை நீட்டினார்கள். அவன் வாங்கவில்லை.

“பழி என்மேல விழட்டும்” என்றான்.

எக்காளக்காரன் வாயில் வைத்திருந்ததைக் கீழே இறக்கினான்.

“டவுனுக்காரங்க எழுதல. நான் எழுதுனேன். ரெண்டு மேட்டுல ஒண்ணு போகணும்னாங்க. எங்கம்மா தப்பிக்கட்டும்னு உங்களக் காட்டிக்குடுத்தேன். ஆளில்லன்னு எழுதுனேன். பேரு தெரியாதுன்னு எழுதுனேன். புல்லு வளந்ததால இல்ல. என் கையால எழுதுனேன்.”

யாராவது ஓடிவந்து அவனை அடித்திருந்தால் நன்றாயிருக்கும். யாரும் அசையவில்லை. ஃபனீரிதான் முன்னால் வந்தாள். வரும்போது என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“அம்மா, இது உண்மைன்னா நான் இப்பவே நிறுத்திடறேன். மறுபடி அளக்கலாம்” என்றாள் பாக்குலியிடம்.

பாக்குலி மேற்கு மேட்டைப் பார்த்தாள். வெள்ளைச் சுண்ணாம்பு வெயிலில் கண்ணைக் குத்தியது.

“அளந்தா என்ன ஆகும்? அவங்கம்மாவ எடுப்பீங்க. அந்தம்மா என்ன தப்பு செஞ்சாங்க?” என்றாள். பிறகு அவன் பக்கம் திரும்பாமலே சொன்னாள். “மண்ணத் தோண்டியாச்சு, அவங்கள எழுப்பியாச்சு. கூப்புடுவோம்னு நிக்கறாங்க. பேரச் சொல்லு.”

“அக்கா...”

“பேரு தெரியாதுன்னுதான எழுதுன? சொல்லு.”

நைவு சொன்னான். கையில் தாள் இல்லை. ரலாம்பு. ரலாம்புவின் மனைவி ரவாவு. ரபாரி. நடக்கப் பழகுமுன் போன ரபாரியின் மகள் ரசுவா. பாக்குலியின் அப்பா அன்ட்ரியாம்பாவு. முறை மாறாமல், மூத்தவரிலிருந்து இளையவர் வரைக்கும், மனுவில் எழுதிய அதே வரிசையில். திறந்த கல்கதவு வழியே ஒவ்வொரு பெயருக்கும் ஒருவராக வெளியே வந்தார்கள். ஒரு பெயரும் பிசகவில்லை. பிசகியிருந்தால்கூட ஊருக்கு ஒரு சந்தேகமாவது இருந்திருக்கும். நிஜமாகவே தெரியாமல் எழுதிவிட்டான் என்று யாராவது ஒருத்தர் நம்பியிருப்பார்கள். பத்தாவது பெயர் பாக்குலியின் புருஷன். பதினோராவது பெயருக்கு வந்தபோது அவன் குரல் கிழிந்துபோயிற்று. “ஃபீடி” என்றான். அவனைச் சுமக்கத் தோள் கொடுக்க முன்னால் வந்தான். பாக்குலி கையை நீட்டி அவனைத் தடுத்தாள். தள்ளவில்லை. கையை நீட்டினாள், அவ்வளவுதான்.

“ஃபெனு தம்பி, நீ பிடி” என்றாள்.

நான் பிடித்தேன். கல்லறைக் கதவின் முன்னால் அவன் உண்மை சொன்னான், நான் சொல்லவில்லை. ஃபீடியின் எடையை ஊர்க்கோடி வரைக்கும் தோளில் சுமந்துகொண்டு போனேன். எடை என்று சொல்ல அதில் ஒன்றும் இல்லை. ஆனாலும் வழியில் இரண்டு இடத்தில் எனக்கு மூச்சு முட்டியது.

இது நடந்து மூன்று வருடம். சாலை இன்னும் வரவில்லை. சிவப்புத் தலை வைத்த முளைகள் வயலில் நிற்கின்றன; அவற்றில் வாத்து முதுகு சொறிந்துகொள்கிறது. வருகிறது, வருகிறது என்கிறார்கள். நைவு இன்னும் எழுத்தர்தான். மனு எழுதிக்கொடுக்கிறான், பெயர் பிசகாமல். கூட்டத்தில் பழி நீக்க மட்டும் யாரும் அவனைக் கூப்பிடுவதில்லை. அவனும் எழுந்திருப்பதில்லை. அம்மாவுக்கு இந்த வருடம் பட்டு மாற்ற வேண்டும். மனு எழுதி மேஜை இழுப்பறையில் போட்டு வைத்திருக்கிறான், முத்திரை குத்தவில்லை.

போன வாரம் அவனும் நானும் ஒரே வேனில் போனோம். பாலத்தில் நின்றது, எப்போதும்போல. பாக்குலி அக்கா கூடையோடு ஜன்னலுக்கு வந்தாள். நைவு ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தான்.

“எத்தன வேணும், ஐயா?” என்று அவனைக் கேட்டாள். கோபமாக இல்லை. வேனில் இருக்கிற எந்த ஐயாவையும் கேட்பது மாதிரி.

“ரெண்டு” என்றான். வாங்கி மடியில் வைத்துக்கொண்டான்.

அவள் எட்டி என்னைப் பார்த்துவிட்டாள். முகம் மலர்ந்தது. “ஃபெனு தம்பியா! இந்தா, அடியில சூடா இருக்கு. காசெல்லாம் வேணாம் போ. என் தம்பியச் சுமந்தவன்டா நீ” என்று நைவுவின் தலைக்கு மேலாகக் கையை நீட்டினாள்.

என்னைப் பற்றி நைவு அவளிடம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை, இன்றைக்கும் சொல்லவில்லை. வெளியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான் பணியாரத்தை வாங்கினேன். சாப்பிட்டேன்.